ஒரே ஒரு மாணவிக்காக நின்றதா ரயில்? ஜப்பானின் கியூ-ஷிரட்டாக்கி நிலையமும், வைரல் கதை சொல்லாத விஷயங்களும்

இந்தக் கதை உங்க வாட்ஸ்அப்புக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். ஜப்பானின் வடக்கே, பனி மூடிய ஒரு குட்டி ரயில் நிலையம். அங்கே ஏறுவது ஒரே ஒரு பள்ளி மாணவி. அவர் படிப்பை முடிக்கும்வரை நிலையத்தை மூட மாட்டோம் என்று ரயில் நிறுவனம் முடிவெடுத்ததாம். அவரது பள்ளி நேரத்துக்கு ஏற்ப ரயில் நேரத்தையே மாற்றியதாம். கடைசியில், "மக்களை மதிக்கிற நாடுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஒரு வரி.

அந்த நிலையம் உண்மை. அந்த மாணவியும் உண்மை. ஆனால் நடந்தது கொஞ்சம் வேற. வைரல் கதை, ஒருவருக்காகத் திறந்திருந்த நிலையத்தைப் பற்றிப் பேசியது. அந்த ஊரில் ரயில் ஏற ஏன் ஒரே ஒருவர் மட்டும் மிச்சம் இருந்தார் என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலில்தான் ஜப்பானின் கிராமங்களும், அதன் ரயில்வேயும் இன்று சந்திக்கும் சிக்கல் இருக்கிறது.

சுருக்கமாக

- நிலையத்தின் பெயர்: கியூ-ஷிரட்டாக்கி
- இடம்: ஹொக்கைடோ தீவு, எங்காரு நகராட்சி
- பாதை: செக்கிஹோக்கு மெயின் லைன்
- தொடக்கம்: 1947, தற்காலிக நிறுத்தமாக
- முழு நிலையமாக உயர்வு: 1987
- மூடப்பட்ட நாள்: 2016 மார்ச் 26
- ஊழியர்கள்: இல்லை

எங்கே இருந்தது இந்த நிலையம்?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் வடக்கே இருப்பது ஹொக்கைடோ. நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்தத் தீவுதான். ஆனால் மக்கள் தொகை சுமார் 50 லட்சம். அதிலும் 20 லட்சம் பேர் வரை சப்போரோ என்ற ஒரே நகரத்தில் இருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் மலை, காடு, வயல், நடுநடுவே சிறு ஊர்கள்.

தீவின் நடுவில் இருக்கும் அசாஹிகாவா பகுதியிலிருந்து கிழக்குக் கடற்கரை நகரமான அபாஷிரி வரை போகிறது செக்கிஹோக்கு மெயின் லைன். நீளம் 234 கிலோமீட்டர். 'மெயின் லைன்' என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம்தான். மின்மயமாக்கப்படவில்லை, டீசல் ரயில்கள் ஓடுகின்றன. பாதையின் நடுவே மலையைத் தாண்டி இறங்கினால் வரும் பள்ளத்தாக்குதான் ஷிரட்டாக்கி.

'ஷிரட்டாக்கி' என்றால் வெள்ளை அருவி. ஒரு காலத்தில் இந்தப் பெயரில் வரிசையாக ஐந்து நிலையங்கள் இருந்தன. மேற்கிலிருந்து வந்தால் ஓக்கு-ஷிரட்டாக்கி (உள் ஷிரட்டாக்கி), காமி-ஷிரட்டாக்கி (மேல்), வெறும் ஷிரட்டாக்கி, கியூ-ஷிரட்டாக்கி (பழைய), ஷிமோ-ஷிரட்டாக்கி (கீழ்). ரயில் பிரியர்களுக்கு இந்த வரிசை ரொம்பப் பிடித்த ஒன்று.

இந்தப் பள்ளத்தாக்கில் விவசாயக் குடியேற்றம் நடந்தே நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. ஐகிடோ என்ற தற்காப்புக் கலையை உருவாக்கிய மோரிஹேய் உயேஷிபா, 1912-ல் வக்காயாமாவிலிருந்து ஒரு குழுவை அழைத்துக்கொண்டு இங்கே குடியேறினார். காட்டை வெட்டி நிலமாக்கினார்கள். மரமும் விவசாயமும்தான் பிழைப்பு. ரயில் பாதை பிறகு வந்தது. கிழக்கிலிருந்து வந்த பாதை 1929-ல் ஷிரட்டாக்கியை எட்டியது. 1932-ல் மலைக்கு அந்தப் பக்கத்தோடு இணைந்தது.

கியூ-ஷிரட்டாக்கி, போருக்குப் பிறகு 1947-ல் வந்தது. அதுவும் முறையான நிலையமாக இல்லை. ஜப்பானிய மொழியில் இப்படிப்பட்ட இடத்தை 'காரி ஜோக்கோஜோ' என்பார்கள். தற்காலிகமாக ஏறி இறங்கும் இடம் என்று பொருள். உள்ளூர் ரயில்வே அலுவலகமே, டோக்கியோ தலைமையகத்தைக் கேட்காமல், மக்களின் வசதிக்காக இவற்றைத் திறந்துகொள்ளலாம். நாடு முழுவதுக்குமான கால அட்டவணையில் பெயர் இருக்காது. கட்டணத்தைக்கூட அடுத்த முறையான நிலையம் வரை கணக்கிட்டு வாங்கிவிடுவார்கள். ஹொக்கைடோவில் இப்படிப்பட்ட நிறுத்தங்கள் நிறைய இருந்தன. 40 வருஷம் 'தற்காலிகமாகவே' இருந்த கியூ-ஷிரட்டாக்கி, 1987-ல் ரயில்வே தனியார்மயமானபோதுதான் முழு நிலையம் ஆனது.

சரி, வைரல் கதையில் எது உண்மை?

2016 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவி (கண்காணிப்பு கேமரா இல்லை, சேனலின் பெயரே அதுதான்) தன் ஃபேஸ்புக் பக்கத்தில் இந்தக் கதையைப் பதிவிட்டது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஜப்பானிய, தைவான் ஊடகங்கள் விவரங்களைச் சரிபார்த்தபோது பல இடங்களில் ஓட்டை தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நிலையத்தின் பெயர் காமி-ஷிரட்டாக்கி." தவறு. அந்த மாணவி ஏறியது கியூ-ஷிரட்டாக்கியில். காமி-ஷிரட்டாக்கி அதே பாதையில் இருந்த வேறொரு நிலையம். நாளுக்கு ஒரு திசையில் ஒரு ரயில் மட்டுமே நின்றது அங்கேதான். இரண்டு நிலையங்களின் விவரங்களும் ஒன்றாகக் கலந்து ஒரே கதையாகிவிட்டன.

"ரயில் அவருக்காக மட்டும் ஓடியது." இல்லை. காலை ஏழு மணியைத் தாண்டி கியூ-ஷிரட்டாக்கிக்கு வரும் அந்த ரயில், பாதையின் மற்ற நிலையங்களிலும் மாணவர்களை ஏற்றிக்கொண்டு எங்காரு நகருக்குப் போனது. 30 கிலோமீட்டருக்கும் மேலான பயணம். அந்த நிலையத்தின் ஒரே வழக்கமான பயணி அவர் என்பது சரி. அந்த ரயிலின் ஒரே பயணி அவர் இல்லை.

"அவரது நேரத்துக்கு ஏற்ப அட்டவணையை மாற்றினார்கள்." அப்படி எதுவும் இல்லை. போகும் திசையில் காலையில் ஒரு ரயில், திரும்பி வர மூன்று ரயில்கள் என்பது அந்தப் பாதையின் வழக்கமான அட்டவணை. உண்மையில் ரயிலுக்கு ஏற்ப வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர் அவர்தான். காலை ரயிலை விட்டால் அன்றைக்குப் பள்ளி இல்லை. மாலை ரயிலை வைத்துத்தான் பள்ளிக்குப் பிறகான நேரத்தைத் திட்டமிட முடியும்.

"அவர் பட்டம் பெறும்வரை காத்திருந்து மூடினார்கள்." இங்கேதான் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. ஜே.ஆர். குழும ரயில் நிறுவனங்கள் பெரிய அளவில் அட்டவணையை மாற்றுவதும் ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில்தான். எந்த நிலையத்தை மூடினாலும் பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் மூடுவார்கள். மாணவி பள்ளியை முடித்ததும், நிலையம் முடிந்ததும் ஒரே மாதத்தில் வந்ததற்கு இந்தக் காலண்டரே போதும். மூடுவதற்கு நிறுவனம் சொன்ன காரணம், பயணிகள் மிகக் குறைவு என்பது.

அப்போ கதை முழுப் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. ஒரு பதின்ம வயதுப் பெண் பள்ளிக்குப் போக, கடைசி நாள் வரை அங்கே ரயில் நின்றது. அது பெரிய விஷயம்தான். ஆனால் அவருக்காகத் தனியாகக் காட்டிய கருணை என்று அதைச் சொல்ல முடியாது. அட்டவணையில் இருக்கும் நிலையத்தில் ஒரு ரயில் செய்ய வேண்டிய வேலை அது.

ஆளே இல்லாத நிலையம் எப்படி இயங்குது?

முதலில் ஒரு எண். ஜப்பானிய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2020 மார்ச் நிலவரத்தில் நாட்டில் இருந்த 9,465 ரயில் நிலையங்களில் 4,564 ஊழியர் இல்லாதவை. கிட்டத்தட்ட பாதி. ஷிபுயா, ஷின்ஜுக்கு கூட்டத்தைப் படத்தில் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் சின்ன நிலையத்தில்கூட ஆள் தேவைப்பட்டது. டிக்கெட் கொடுக்க மட்டும் இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் இருக்க சிக்னலை இயக்க வேண்டும். சரக்கையும் பார்சலையும் ஏற்றி இறக்க வேண்டும். பிறகு, ஓரிடத்தில் உட்கார்ந்தே மொத்தப் பாதையின் சிக்னலையும் இயக்கும் தொழில்நுட்பம் வந்தது. 1980-களில் சிறு நிலையங்களில் சரக்கும் பார்சலும் நின்றுபோயின. மிச்சம் இருந்தது டிக்கெட் கவுன்ட்டர். அதை ரயிலுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

அதற்குப் பெயர் 'வன்மேன்' முறை. ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்ட சொல். ஓட்டுநர் ஒருவர் மட்டும், நடத்துநர் கிடையாது. ஒன்றிரண்டு பெட்டிகள் கொண்ட ரயில், கிட்டத்தட்ட நகரப் பேருந்து மாதிரி ஓடும்.

- பின் கதவு வழியாக ஏற வேண்டும். பக்கத்தில் இருக்கும் இயந்திரத்திலிருந்து எண் அச்சிட்ட ஒரு சின்னச் சீட்டு வரும். நீங்க எங்கே ஏறினீங்க என்பதற்கு அதுதான் சாட்சி.
- ஓட்டுநருக்கு மேலே ஒரு பலகை. உங்க எண்ணுக்கு நேராக, இப்போ இறங்கினால் எவ்வளவு கட்டணம் என்று காட்டும். ரயில் போகப் போகத் தொகை ஏறும்.
- இறங்கும்போது முன் கதவுக்கு வந்து, ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் சீட்டையும் காசையும் போட வேண்டும். சில்லறை இல்லையென்றால் அதே பெட்டியில் மாற்றிக்கொள்ளலாம்.
- மாதப் பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள் அதைக் காட்டிவிட்டு இறங்குவார்கள்.

நிலையத்தில் இருப்பது ஒரு நடைமேடை, பெயர்ப் பலகை, விளக்கு, காத்திருக்க ஒரு சின்ன அறை. கியூ-ஷிரட்டாக்கியில் அந்த அறை மரத்தால் ஆனது. ஹொக்கைடோவின் வேறு சில நிலையங்களில், ஓய்வுபெற்ற சரக்கு ரயிலின் கார்டு பெட்டியைச் சக்கரம் கழற்றி வைத்து, அதையே காத்திருப்பு அறை ஆக்கியிருப்பார்கள். பல அறைகளில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். 'நிலைய நோட்டு' என்று பெயர். வருபவர்கள் தேதி போட்டு ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள்.

ஆள் இல்லை என்றால் வேலையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்தப் பகுதியில் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். ஒரு பயணி ஏறினாலும், யாருமே ஏறாவிட்டாலும், நடைமேடையில் விழும் பனியை யாராவது அள்ள வேண்டும். விளக்கு எரிய வேண்டும். அறையின் கூரை பனியின் எடையைத் தாங்க வேண்டும். ஆளில்லா நிலையத்தின் செலவு பெரும்பாலும் இதுதான்.

பிறகு ஏன் மூடினாங்க?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜப்பான் ரயில்வே முன்பு அரசு நிறுவனமாக இருந்தது. 1964-ல் உலகின் முதல் புல்லட் ரயில் பாதையைத் திறந்த அதே வருஷம், அது நஷ்டத்தில் விழுந்தது. பிறகு மீளவே இல்லை. 1987 ஏப்ரல் 1 அன்று அதைப் பிரித்தபோது கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். பயணிகள் ரயிலுக்கு ஆறு நிறுவனங்கள், சரக்குக்கு ஒன்று என்று ஏழாகப் பிரித்தார்கள்.

டோக்கியோவும் ஒசாக்காவும் புல்லட் ரயிலும் கிடைத்த நிறுவனங்கள் லாபத்தில் ஓடின. ஜே.ஆர். ஹொக்கைடோவுக்குக் கிடைத்தது பனியும், நீண்ட பாதைகளும், குறைந்த மக்களும். டிக்கெட் வருமானத்தில் அது ஓடாது என்று பிரித்தவர்களுக்கே தெரியும். அதனால் 68,220 கோடி யென் கொண்ட ஒரு நிதியைக் கொடுத்தார்கள். அதன் வட்டியை வைத்து நஷ்டத்தைச் சமாளித்துக்கொள் என்பது ஏற்பாடு.

கணக்கு நல்லாத்தான் இருந்தது. ஆனால் 1990-களில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது, வட்டி விகிதம் தரைக்கு வந்தது. நிதி அப்படியே இருக்க, அதிலிருந்து வரும் வருமானம் சுருங்கியது. இன்னொரு பக்கம் நெடுஞ்சாலைகள் வந்தன, வீட்டுக்கு வீடு கார் வந்தது. இளைஞர்கள் சப்போரோவுக்கும் டோக்கியோவுக்கும் போனார்கள். கார் ஓட்ட முடிந்தவர்கள் எல்லாரும் ரயிலை விட்டுவிட்டார்கள். ரயில் யாருக்கு மிச்சம்? கார் ஓட்டும் வயது வராத பள்ளிப் பிள்ளைகளுக்கும், கார் ஓட்டும் வயதைத் தாண்டிய முதியவர்களுக்கும்.

அதனால்தான் அந்தக் கடைசிப் பயணி ஒரு பள்ளி மாணவியாக இருந்தார். ஜப்பானின் பல கிராமப் பாதைகளில் முதன்மையான பயணிகளே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்தான். கிராமத்தில் கட்டாயக் கல்விக்கு அடுத்த கட்டப் பள்ளி இருக்காது. பக்கத்து நகரத்துக்குப் போயாக வேண்டும். அவர்கள் படிப்பை முடித்ததும், அடுத்து ஏற ஒரு பிள்ளை ஊரில் இல்லை என்றால், நிலையத்தின் கதையும் முடிந்தது.

2016 மார்ச் 26 அன்று ஜே.ஆர். ஹொக்கைடோ மொத்தம் எட்டு நிலையங்களை மூடியது. கியூ-ஷிரட்டாக்கி, காமி-ஷிரட்டாக்கி, ஷிமோ-ஷிரட்டாக்கி மூன்றும் அதில் உண்டு. ஓக்கு-ஷிரட்டாக்கி 2001-லேயே போய்விட்டது. ஐந்தில் இப்போது மிச்சம் இருப்பது வெறும் ஷிரட்டாக்கி மட்டும்.

அதே 2016 மார்ச் 26 அன்று இன்னொன்றும் நடந்தது. ஹொக்கைடோவுக்கு முதல்முறையாகப் புல்லட் ரயில் வந்தது. டோக்கியோவிலிருந்து வரும் ஷின்கான்சென், கடலுக்கு அடியில் செல்லும் செய்க்கான் சுரங்கம் வழியாக, ஷின்-ஹக்கோடாட்டே-ஹோக்குடோ வரை ஓடத் தொடங்கியது. ஒரே நிறுவனம், ஒரே நாள், ஒரே அட்டவணை மாற்றம். ஒரு மூலையில் மணிக்கு 260 கிலோமீட்டர் வேக ரயில். இன்னொரு மூலையில் மரப் பலகை அறையைப் பூட்டுகிறார்கள்.

நிலையத்தை மூடினால் எவ்வளவு மிச்சமாகும்?

நியாயமான கேள்வி. ரயில் எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறது, நின்றுவிட்டுப் போனால் என்ன?

ஒரு நிலையத்தை மட்டும் மூடினால் நடைமேடைப் பராமரிப்பு, பனி அள்ளும் செலவு, விளக்கு, கட்டடம் ஆகியவை மிச்சம். ரயில் நின்று புறப்படும் நேரமும் எரிபொருளும் கொஞ்சம் மிச்சம். ஆனால் பாலம், சுரங்கம், தண்டவாளம், சிக்னல் என்ற பெரிய செலவுகள் அப்படியே இருக்கும். அதனால் நிலையங்களை மூடுவது கடனை அடைக்கும் வழி இல்லை. பல சமயம் அது அடுத்து வரப்போவதற்கான அறிகுறி.

அந்த 'அடுத்தது' சீக்கிரமே வந்தது. 2016 நவம்பரில் ஜே.ஆர். ஹொக்கைடோ ஒரு பட்டியலை வெளியிட்டது. 10 பாதைகளைச் சேர்ந்த 13 பகுதிகள், மொத்தம் சுமார் 1,237 கிலோமீட்டர், இனி நாங்கள் தனியாக நடத்துவது கடினம் என்றது. அதன் மொத்தப் பாதையில் ஏறக்குறைய பாதி. மிக மோசமான ஐந்து பகுதிகளைப் பேருந்துக்கு மாற்றலாம் என்றது. 2019-ல் யூபாரி கிளை, 2020-ல் சாஷோ பாதையின் வடபகுதி, 2021-ல் ஹிடாக்கா பாதையின் பெரும்பகுதி, 2024-ல் நெமுரோ பாதையின் ஃபுரானோ - ஷின்டோக்கு பகுதி என்று ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஐந்தாவதான ருமோய் பாதையில் 2023-ல் ஒரு பகுதி போனது, மிச்சத்துக்கு 2026 மார்ச் இறுதி என்று நாள் குறித்தார்கள்.

2024-ல் போனதில் இக்குடோரா என்ற நிலையமும் ஒன்று. கென் தக்காக்குரா நடித்த 'பொப்போயா' (1999) படத்தை எடுத்த இடம் அது. மூடப்படப் போகும் பாதையின் கடைசி நிலைய அதிகாரியைப் பற்றிய படம். படத்தில் நடந்தது 25 வருஷம் கழித்து அதே நிலையத்துக்கு நடந்தது.

செக்கிஹோக்கு பாதையும் 2016 பட்டியலில் இருக்கிறது. ஆனால் மூட வேண்டியவற்றில் இல்லை, உள்ளூர் அரசுகள் கைகொடுத்தால் நடத்தலாம் என்ற பிரிவில். சப்போரோவிலிருந்து அபாஷிரி செல்லும் 'ஓஹோட்ஸ்க்' விரைவு ரயில் இதில்தான் போகிறது. கிடாமி பகுதி ஜப்பானின் வெங்காயக் களஞ்சியம். அறுவடைக் காலத்தில் வெங்காயம் ஏற்றிய சரக்கு ரயில் இந்த வழியாகத்தான் நாட்டின் மற்ற பகுதிகளுக்குக் கிளம்புகிறது.

ஊர்க்காரர்களே காப்பாற்ற முடியாதா?

சில இடங்களில் முடிந்திருக்கிறது.

ஹொக்கைடோவின் தென்பகுதியில் கோபோரோ என்று ஒரு நிலையம். இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே கிடைத்த கொஞ்சம் திறந்த வெளியில் இருக்கிறது. பக்கத்தில் வீடு இல்லை, கார் போகும் சாலை இல்லை. 2015-ல் இதை மூட நிறுவனம் விரும்பியபோது, டொயோரா நகராட்சி எதிர்த்தது. 'நாட்டிலேயே மிக ஒதுக்குப்புறமான நிலையம்' என்று பார்க்க வருபவர்கள் இருக்கிறார்களே என்று, 2016 முதல் பராமரிப்புப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. இப்படி எட்டாத நிலையங்களை ஜப்பானியர்கள் 'ஹிக்யோ எக்கி' என்கிறார்கள். அவற்றைத் தேடிப் போவதே ஒரு பொழுதுபோக்கு.

வக்காயாமா மாகாணத்தின் கிஷி நிலையத்தைக் காப்பாற்றியதில் ஒரு பூனைக்குப் பங்கு உண்டு. அங்கே 2006-ல் ஊழியர்களை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கடையில் வளர்ந்த 'டாமா' என்ற பூனைக்கு 2007-ல் தொப்பி போட்டு, நிலைய அதிகாரி என்று நியமித்தார்கள். பார்க்கக் கூட்டம் வந்தது, பாதையும் தப்பியது. டாமா 2015-ல் இறந்த பிறகும் அந்தப் பதவிக்குப் பூனைகள்தான் வருகின்றன.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு பூனை வாய்க்காது. ஹொக்கைடோவின் வட முனைக்கு அருகே பாக்காய் என்ற நிலையம், ஜப்பானின் வடகோடி ஆளில்லா நிலையம் என்று பெயர் பெற்றது. 1924-ல் திறந்தது. 2021 முதல் வக்கனாய் நகரம் அதன் செலவை ஏற்றது. சில வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, இனி முடியாது என்று கைவிட்டது. 2025 மார்ச் 15 அன்று நிலையம் மூடப்பட்டது. அதே நாளில் ஜப்பானின் கிழக்குக் கோடி நிலையமான ஹிகாஷி-நெமுரோவும் போனது. புகைப்படம் எடுக்க வருபவர்கள் ஒரு நாள் வருவார்கள். தினமும் ஏறுபவர்கள் இல்லாத நிலையத்தை அவர்களால் ரொம்ப நாள் தாங்க முடியாது.

மூடுவதா, நடத்துவதா என்ற பேச்சுவார்த்தைக்கே இப்போது ஒரு சட்ட வழி இருக்கிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, நலிந்த பாதைகளின் எதிர்காலம் பற்றி ரயில் நிறுவனத்தையும் உள்ளூர் அரசுகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க மத்திய அரசு தலையிடலாம். ஆனால் மேசைக்கு வந்த பிறகு யார் பணம் போடுவது என்பது மட்டும் எளிதில் முடிகிற பேச்சு இல்லை.

அழகான படத்தில் தெரியாத ஒன்று

ஆளில்லா நிலையம் இன்ஸ்டாகிராமில் அழகாக இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அப்படி இல்லை. நடைமேடைக்கும் ரயிலுக்கும் நடுவே பலகை வைக்க ஒரு ஊழியர் வேண்டும். ஊழியர் இல்லை என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, வேறு நிலையத்திலிருந்து ஆள் வர ஏற்பாடு செய்ய வேண்டும். மற்றவர்கள் நினைத்தவுடன் கிளம்பலாம், இவர்கள் மட்டும் அனுமதி கேட்பதுபோல் கிளம்ப வேண்டும். பார்வையற்றவருக்கு, தண்டவாளத்தின் விளிம்புக்குப் போய்விட்டால் எச்சரிக்க ஆளில்லை.

இந்தப் பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. கியூஷூ தீவின் ஓய்ட்டாவில், நிலையங்களிலிருந்து ஊழியர்களை எடுப்பது தங்கள் நடமாடும் உரிமையைப் பறிக்கிறது என்று மாற்றுத்திறனாளிகள் 2020-ல் ஜே.ஆர். கியூஷூ மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2022-ல் போக்குவரத்து அமைச்சகம், ஆளில்லா நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவது குறித்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கிராமத்தில் மட்டும் இல்லை, நகரங்களிலும் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆள் இல்லாத நிலையங்கள் பெருகுகின்றன. அதனால் இது கடைசி மாணவியோடு முடிகிற கேள்வி இல்லை.

இப்போ அங்கே என்ன இருக்கு?

ரயில் இன்னும் ஓடுகிறது. கியூ-ஷிரட்டாக்கியில் நிற்பதில்லை, அவ்வளவுதான். காமி-ஷிரட்டாக்கியும் போனதால், மேற்கே கமிகாவா நிலையத்தை விட்டால் அடுத்த நிலையம் ஷிரட்டாக்கி. நடுவே 37.3 கிலோமீட்டர். ஷின்கான்சென் அல்லாத ஜே.ஆர். பாதைகளில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருக்கும் மிக நீண்ட இடைவெளி இதுதான்.

ஷிரட்டாக்கி ஊர் வேறொரு காரணத்துக்காகப் பெயர் பெறுகிறது. ஆதிமனிதர்கள் கருவி செய்யப் பயன்படுத்திய கருங்கண்ணாடிக் கல் இங்கே மலையாகக் கிடக்கிறது. இங்கே தோண்டி எடுத்த கற்கருவிகளை ஜப்பான் 2023-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தேடி வந்த ஒரு பள்ளத்தாக்கு இது. கடைசி நூறு வருஷத்தில் அங்கே ஒரு ரயில் நிலையம் வந்தது, 69 வருஷம் இருந்தது, போனது.

அடுத்த தடவை அந்த வைரல் பதிவு உங்க குரூப்புக்கு வரும்போது, 'ஃபேக்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட வேண்டாம். நிலையத்தின் பெயரைத் திருத்திச் சொல்லுங்க. ஒரு நிறுவனம் ஒரு மாணவிக்காகச் செய்த தியாகம் இல்லை இது என்றும் சொல்லுங்க. ஊர் காலியாகிக்கொண்டே வந்தபோதும், கடைசிப் பயணி இறங்கும்வரை அந்த ரயில் தன் வேலையைச் செய்தது. அவருக்குப் பின்னால் அந்த நடைமேடையில் ஏற இன்னொரு பிள்ளை ஊரில் இல்லை. ஜப்பான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.